நெய்ச்சோற்றின் முன் பூமிநாதன்

ஐம்பத்தாறு வயதில் தரையில் சம்மணம் போட்டு உட்காருவது ஒரு முடிவு, எழுந்திருப்பது அதைவிடப் பெரிய முடிவு என்று நினைத்தபடியே பூமிநாதன் விரிப்பில் இறங்கினார், வலது முழங்கால் டக்கென்று ஒரு சத்தம் போட்டது, பக்கத்தில் இருந்த தாஹிர் பாய் "பைய, பைய" என்று முழங்கையைத் தாங்கிக்கொண்டார், அவ்வளவுதான், உட்கார்ந்தாயிற்று, அதற்குள் நெய் வாசனை வந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் எங்கேயோ அண்டா மூடியைத் திறந்திருக்கிறார்கள். முந்திரி, ஏலம், ரம்பை இலை, எல்லாவற்றுக்கும் அடியில் வெட்கமே இல்லாமல் ஆட்டுக்கறி. ஆண்டவனே என்றார் மனசுக்குள். எந்த ஆண்டவன் என்று அந்த நேரத்தில் அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் இந்தக் கறியைத் தொடக்கூடாது என்று வைத்திருப்பதும் ஒரு ஆண்டவன்தான். சரியாகச் சொன்னால் ஆண்டவன் வைக்கவில்லை, செண்பகவல்லி வைத்தாள். மகளுக்கு முதல் பிள்ளை தங்காமல் போயிற்று, இப்போது மறுபடியும் ஏழாம் மாதம் நடக்கிறது, பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் கவுச்சி தொடமாட்டோம் என்று குலசாமி முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள். 'யாரும்' என்று சொல்லும்போது பக்கத்தில் நின்ற புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுதல் அவளுடையது, நாக்கு இவருடையது. சித்திரையிலிருந்து சாம்பாரும் ரசமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது, மீன்கடைப் பக்கம் போகிற தெருவைக்கூட மாற்றிக்கொண்டுவிட்டார். இன்றைக்கும் காலையிலேயே வந்து பந்தல் வாசலில் நின்று வாழ்த்திவிட்டு, ஒரு கிளாஸ் சர்பத்தைக் குடித்துவிட்டு, பந்தி தொடங்குமுன் நழுவிவிடுவதாகத்தான் திட்டம். தாஹிர் பாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டார். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர், அவர் பிடித்தால் பிடித்ததுதான். சொல்லியிருக்கலாம், பாய், நான் விரதம் என்று. ஒரு வார்த்தை. ஆனால் இந்த வீட்டில் வைத்து அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது, இதே வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாத மனுஷன் என்னடா மனுஷன் என்று கேட்டவர் அல்லவா பூமிநாதன்.

கேட்டது ஹிஷாமை. கல்யாணப் பெண்ணின் அண்ணன். அதோ பந்தலின் அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முழத்துக்கு மேல் அகலமான சஹன் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, மாப்பிள்ளை வீட்டார் நடுவே குனிந்து குனிந்து வைத்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான். ஒரு சஹனுக்கு நாலு பேர், நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் அவரவர் பக்கத்துச் சோற்றை எடுத்துச் சாப்பிடுவது இந்தக் கடற்கரை ஊரின் வழக்கம். நாளைக் காலையில் மாவட்டத் தலைநகரில் அதிகாரியின் அறையில் பூமிநாதனிடம் ஒரு கேள்வி கேட்பார்கள், ஹிஷாம் என்ற பெயரைக் கண்காணிப்பில் வைக்கலாமா, எடுக்கலாமா. மூன்று வருடமாக உளவுப் பிரிவு ஆளாக அவன் பின்னால் அலைந்தவர் அவர்தான் என்பதால் அவர் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் நடக்கும். எடுத்தால் அவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும், மலேசியாவில் சாச்சாவின் துணிக்கடையில் வேலை காத்திருக்கிறது, போய்விடுவான். வைத்தால் அவன் இங்கேயே கிடப்பான், கடை வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், ஒழுங்காகத் திரும்பி வந்தும் நம்பவில்லையே என்ற கசப்பு வேறு சேரும், அந்தக் கசப்பைத் தேடிக்கொண்டு போனுக்குள் உட்கார்ந்து அவனைத் தீவிரவாதத்துக்கு இழுத்தவர்கள் மறுபடி வருவார்கள். எடுத்து, எடுத்தது தப்பாகப் போய்விட்டால்? அதற்கு மேல் அவர் யோசிப்பதில்லை. யோசித்தால் எங்கேயோ ஒரு சந்தை, எங்கேயோ ஒரு ரயில் நிலையம், அதில் முகம் தெரியாத யாரோ ஒரு பெண் காய்கறிப் பையோடு நிற்கிறாள், அந்த இடத்தில் மனசு சட்டென்று நின்றுவிடும். சர்பத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள், நன்னாரி, நல்ல குளிர்ச்சி. குடித்தார். கடல் காற்று பந்தல் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எதிரே ஒரு சின்னப் பெண் தன் சரிகைப் பாவாடையைத் தானே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல கல்யாணம், நல்ல சனம், பசி வேறு நன்றாக எடுக்கிறது, இந்த உலகத்தில் ஒருத்தனுக்கு வேறு என்ன வேண்டும், ஒரு துண்டு கறி வேண்டும், அதுதான் கிடையாது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, இந்த விவகாரம் தொடங்கியதே சாப்பாட்டில். மூன்று வருடத்துக்கு முன்னால் உதவி எண்ணுக்கு ஒரு அம்மா போன் பண்ணினாள். எம் புள்ள வீட்டுல சாப்பிடமாட்டேங்குறான் சார் என்றாள். எடுத்த காவலர் சிரித்துவிட்டு, டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா என்று சொல்லிக் குடும்பத் தகராறு என்று ஒதுக்கிவிட்டார். பூமிநாதன் அப்போது பக்கத்து நாற்காலியில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். வயிறு சம்பந்தப்பட்ட எதுவும் அவர் காதில் தப்பாது. ரிசீவரை வாங்கிக் கேட்டார். நான் தொட்ட சட்டியே வேணாங்குறான் சார், தனியா ஒரு சட்டி வாங்கி வச்சு முட்டை அவிச்சுத் தின்னுறான், அவனுக்குப் புடிச்ச மீன் ஆணம் வச்சா மொகத்தத் திருப்பிக்கிறான், உங்க சோறு எனக்கு ஆகாது, நீங்கள்லாம் வழிதவறுனவங்கன்னு பெத்தவகிட்டயே சொல்றான் சார். ஹிஷாமின் உம்மா ஜுனைதாம்மா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அழுது முடித்த குரல். பூமிநாதன் டப்பாவை மூடிவிட்டார். தாடி வைப்பான், விடுவான், தொழுவான், தொழாமல் இருப்பான், அதெல்லாம் ஒரு வயசு. இந்த ஊரில் பிறந்த ஒருத்தன் உம்மா வைத்த மீன் ஆணத்தை, அப்படி ஒரு குழம்பை, வேண்டாம் என்று அவித்த முட்டையைத் தின்கிறான் என்றால், வெறும் முட்டை, உப்பு இருந்திருக்குமா, மிளகாவது இருந்திருக்குமா, வெறும் முட்டையைத் தனியாக உட்கார்ந்து உரித்து உரித்து, அவனை யாரோ கையைப் பிடித்து வீட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள், இன்னும் வாசல் தாண்டவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவித்த முட்டையை அவர் தொட்டதில்லை. அவர் கொஞ்சம் சாப்பாட்டு ராமன், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், உடன் வேலை பார்க்கிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

இல்லையென்றால் அவரும் சென்னையில் போலீஸ் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு தாடியைத்தான் அளந்துகொண்டிருந்திருப்பார். அந்த வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. திரையில் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார்கள். திடீரென்று தாடி வளர்த்தால் கவனிக்கவும். திடீரென்று தாடியை எடுத்தால் இன்னும் நன்றாகக் கவனிக்கவும். அப்படியானால் ஒருத்தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள், பூமிநாதன்தான் அந்த யாரோ. கேட்டாரே தவிர, ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரமே அந்தப் பாடத்தை நம்பி ஒரு பாலிடெக்னிக் பையனின் பின்னால் டீக்கடை டீக்கடையாக அலைந்தார், புதிதாகத் தாடி, பழைய கூட்டாளிகளோடு பேச்சில்லை, வெள்ளிக்கிழமையானால் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறான். கடைசியில் பார்த்தால் முகத்தில் படை, சவரம் பண்ணக்கூடாது என்று சொன்ன தோல் டாக்டர் வெள்ளிக்கிழமைதான் அங்கே வருவார், கூட்டாளிகள் கேலி பண்ணுவதால் பேச்சில்லை. அந்தப் பையன் ஒருநாள் இவர் மேசைக்கே வந்து, சார், நீங்களும் வெள்ளிக்கிழமையானா அதே பஸ்ல வர்றீங்களே, உங்களுக்கும் படையா என்று கேட்டுவிட்டுப் போனான். ஊரில் எல்லாருக்கும் தெரியும் அவர் யார் என்று. சி.ஐ.டி. சார் வர்றாரு, நல்லா ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு என்பார்கள். ரகசியப் போலீஸ்காரருக்கு இதைவிடக் கேவலம் உண்டா. ஆனால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, தெரிந்தவர் ரிசீவரை வாங்கினால்தானே ஒரு தாய் எல்லாவற்றையும் சொல்ல முடியும்.

ஹிஷாம் மேல் வழக்கு இல்லை. பண்ணியது எதுவும் இல்லை, போனில் ஒருத்தன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான், கேட்டுக் கேட்டு எழுந்து போகிற நிலைமைக்கு வந்திருந்தான். போலீஸ், டாக்டர், மார்க்கம் படித்த ஆலிம்சா என்று மூன்று பேர் சேர்ந்து பேசித் திருப்புகிற திட்டம் அப்போதுதான் வந்திருந்தது. அந்த ஆலிம்சாதான் இதே விரிப்பில் பூமிநாதனுக்கு எதிரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், மெலிந்த மனிதர், சாப்பாட்டில் அக்கறை இல்லாதவர், அந்த ஒரு குறையைத் தவிர வேறு குறை கிடையாது. ஹிஷாமிடம் அவர் முதலில் பல நாள் மார்க்கமே பேசவில்லை. உன் கூட்டத்து அண்ணன் யாரிடம் ஓதினார் என்று மட்டும் கேட்டார். தெரியாது. அவருடைய உஸ்தாது யார், எந்த ஊர்? தெரியாது. முகத்தைப் பார்த்திருக்கிறாயா? இல்லை, குரல் மட்டும்தான். நம் ஊரில் ஒரு ஆட்டை வாங்கினால்கூட யார் வீட்டு ஆடு என்று கேட்பார்களே தம்பி, அவ்வளவுதான் சொன்னார், எழுந்து போய்விட்டார். ஹிஷாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அறையும் அந்தச் சுவரும் பூமிநாதனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வெளிர்பச்சைச் சுவர், அதில் ஒரு ஓட்டை விழுந்த காலண்டர். ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எவ்வளவு நாளா, யார் சொன்னது, அவர் சொன்னால் எதையும் செய்வாயா. அவன் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. கோபப்பட்டான், அழுதான், வாதம் பண்ணினான், தூங்கிக்கூடப் போனான். சிரிப்பு மட்டும் வரவில்லை, யாரோ அதைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டுவிட்ட மாதிரி.

தட்டு வந்துவிட்டது. யாரோ ஒரு உறவுக்காரர் கொண்டுவந்து நடுவில் இறக்கினார். பொன்னிறத்தில் நெய்ச்சோறு குவிந்து, அதன் உச்சியில் கறி, ஓரத்தில் கிண்ணத்தில் தாளிச்சா, அதில் மாங்காயோடு எலும்பும் மிதக்கிறது, கத்தரிக்காயிலும் கறித்துண்டு, சோற்றை வேகவைத்ததே கறித் தண்ணீரில் என்று இந்த ஊர்ச் சமையல்காரரே ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பருக்கை தப்பாது. செண்பகம், நீ நல்லா இரு. நாலு பேரும் உட்கார்ந்தால்தான் கை வைப்பார்கள், நாலாவது இடம் காலியாக இருந்தது, தற்காலிகமாகத் தப்பித்தோம் என்று பூமிநாதன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தாஹிர் பாய் பந்தலைச் சுற்றிப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கி, "ஹிஷாமு! வா வாப்பா, இங்கன ஒரு ஆள் கொறையுது" என்று கூப்பிட்டார். ஹிஷாம் திரும்பிப் பார்த்தான். மாமனைப் பார்த்தான், ஆலிம்சாவைப் பார்த்தான், பூமிநாதனைப் பார்த்தான். "பொறவு மாமா" என்றான். போய்விட்டான். பொறவு. எதற்குப் பிறகு? காலையிலிருந்து அவன் ஒரு வாய் எதுவும் போடவில்லை, பூமிநாதன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பதினொரு மணி வாக்கில் ஒரு பெரியம்மா இனிப்புக்கு வட்டலப்பம் ஒரு துண்டு நீட்டினாள், அதற்கும் பொறவு. தண்ணீர் குடித்தான், அவ்வளவுதான். முட்டை, வெறும் முட்டை. இல்லை, அப்படி இருக்காது. இந்த இரண்டு வருடமாக வீட்டில் சாப்பிடுகிறான், ஜுனைதாம்மாவே சொன்னாள், போன மாதம் மீன் ஆணம் சட்டியை வழித்து வைத்தான் என்று சந்தோஷத்தில் போன் பண்ணிச் சொன்னாள். ஆனால் அம்மா கையால் சாப்பிடுவது வேறு. இது மாமன் அறுத்த ஆடு.

அங்கேதான் மனசு மாட்டிக்கொண்டது, முள்ளில் வேட்டி மாட்டினமாதிரி, எப்படித் திருப்பினாலும் அங்கேயே வந்து நின்றது. தாஹிர் பாய்க்கு இரும்புக் கடை, ஆனால் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பிஸ்மில்லா சொல்லிக் கத்தி வைப்பது அவர்தான், அவர் வாப்பா காலத்திலிருந்து அந்த மரியாதை அவர்களுக்கு. அந்தக் கெட்ட காலத்தில் ஒரு பெருநாளன்று ஹிஷாம் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, நீங்க அறுத்தது எனக்கு ஹலால் இல்ல என்று சொல்லிவிட்டான். எல்லார் முன்னாலும். நீ முஸ்லிமே இல்லை என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. என் கையால அறுத்தது ஒனக்கு ஹராமாடா என்று தாஹிர் பாய் கேட்டாராம், ஒரே தடவை, அப்புறம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம். அதன்பிறகு கத்தியைத் தொடவே இல்லை, இன்றைக்குத்தான் மருமகள் கல்யாணத்துக்காகத் தொட்டிருக்கிறார். அந்தக் கறிதான் இதோ தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் அவன் பொறவு என்கிறான். நாக்கு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் அந்தக் குரல் அப்படியே உட்கார்ந்திருக்கிறதோ? அப்படியென்றால் நாளைக்கு என்ன சொல்வது. ஒருத்தன் ஒரு பந்தியில் உட்காரவில்லை, அதனால் அவன் வாழ்க்கையை இன்னொரு வருடம் பிடித்து வையுங்கள் என்றா? சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அன்றைக்குப் போனை எடுத்த காவலரும்தான் சிரித்தார். காய்கறிப் பையோடு அந்தப் பெண் மறுபடி மனசுக்குள் வந்து நின்றாள். பூமிநாதனுக்கு நெய் வாசனை குமட்டிக்கொண்டு வந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக. தாஹிர் பாய் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் நினைக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் கை கழுவத் தாம்பாளமும் செம்பும் போயின. கடைசி ஆளும் கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்போது பார்த்தால், தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே ஹிஷாம் விறுவிறுவென்று வந்து நாலாவது இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். "பசி உசுர் போகுது மாமா, ஏன் இன்னும் ஆரம்பிக்காம இருக்கீங்க?" என்றான். "மாப்ள வீட்டு ஆளுக எந்திரிக்காம நான் எப்படி ஒக்கார்றது? நாளைக்குப் பொண்ணு வீட்டான் முந்திக்கிட்டான்னு பேச்சு வரும். அந்தப் பெரியவரு எலும்பக் கடிச்சி முடிக்கிறதுக்குள்ள மாசம் பொறந்துரும் போல."

அடச்சே. பெண் வீட்டு ஆண்பிள்ளைகள் மாப்பிள்ளை வீட்டார் கை கழுவும்வரை சாப்பிடுவதில்லை. எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறார், தெரிந்த விஷயம், எப்படி மறந்தார். மறக்கவில்லை, பயம் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஹிஷாம் பிஸ்மில்லா என்று சொல்லிக் கையை நீட்டினான், பூமிநாதன் அந்தக் கையையே பார்த்தார், ஐந்து விரல், உச்சியில் இருந்த கறியைப் பிய்த்தது, பெரிய துண்டை மாமன் பக்கம் தள்ளியது, சின்னதைச் சோற்றோடு பிசைந்தது, வாய்க்குப் போயிற்று. மென்றான். விழுங்கினான். "கறி நல்லாப் பதமா இருக்கு மாமா" என்றான். தாஹிர் பாய், "ம்" என்றார். அந்த மனிதரின் காதுமடல் சிவந்துபோனதைப் பூமிநாதன் பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம், தாங்க முடியாத சந்தோஷம், எழுந்து அந்தப் பாவாடைப் பெண்ணைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது, முழங்கால் மட்டும் ஒத்துழைத்தால். மூன்று பேரும் சாப்பிட்டார்கள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்" என்றான் ஹிஷாம். "நீங்க கை வைக்கலையே?"

பூமிநாதன் குனிந்து பார்த்தார். அவர் பக்கத்துச் சோறு கலையாமல் இருந்தது. கை மடியில் கிடந்தது.

"வயிறு கொஞ்சம் சரியில்லப்பா" என்றார்.

"இதத்தான் நானும் மொதல்ல உம்மாகிட்ட சொன்னேன்." ஹிஷாம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "எவ்வளவு நாளா இப்படி?"

"என்னது?"

"சாப்பிடாம."

"சித்திரையிலருந்து."

"வீட்டுலயும் சாப்பிடுறது இல்லையா?"

"வீட்டுல யாருமே சாப்பிடுறது இல்லப்பா. ஒரு வேண்டுதல். கவுச்சி ஆகாது."

"யார் சொன்னது?"

"என் சம்சாரம்."

"அவங்க சொன்னா எதையும் செய்வீங்களா?"

"செய்யாம? வீட்டுல இருக்க முடியுமா?" என்று சொல்லி முடிப்பதற்குள் பூமிநாதனுக்கு அந்த வெளிர்பச்சைச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. ஹிஷாம் ஆலிம்சா பக்கம் திரும்பினான்.

"ஆலிம்சா, கேஸ் கொஞ்சம் முத்திப் போச்சு. டாக்டரையும் வரச் சொல்லுங்க. மூணு பேரா ஒக்காந்து பேசித்தான் திருப்பணும்."

சாப்பாட்டிலேயே அக்கறை இல்லாத ஆலிம்சாவுக்குப் புரையேறிவிட்டது. தாஹிர் பாய் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பக்கத்துச் சஹன்காரர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார்கள், அதற்குள் ஹிஷாமாலும் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவனும் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், இடது கையால் துடைத்துக்கொண்டான். பூமிநாதனுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள். தாடி போனால் கவனிக்கவும், வந்தால் கவனிக்கவும், விருந்தில் சாப்பிடாவிட்டால் கவனிக்கவும், இன்றைக்கு இந்தப் பந்தலில் அந்தக் கணக்குப்படி பிடித்துக்கொண்டு போக வேண்டிய ஆள் ஒருத்தர்தான், சி.ஐ.டி. சார். இவன் அந்த அறையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறான். அங்கே உட்கார்ந்திருந்தபோது இவனுக்கு அது சிரிப்பாக இல்லை, இப்போது சிரிப்பாக இருக்கிறது, நடுவில் எங்கேயோ ஒரு நாள் இவன் வெளியே வந்து நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான், அந்த நாளை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிறதற்காகவே சம்பளம் வாங்குகிற பூமிநாதனும் கவனிக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்" என்று தாஹிர் பாய் கடிந்துகொண்டார். ஹிஷாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பெண்கள் பக்கத்துத் தடுப்பைப் பார்த்து, "உம்மா, சாருக்கு வெள்ளச்சோறும் தயிரும் அனுப்புங்க, அவரு விரதமாம்" என்று குரல் கொடுத்தான். ஜுனைதாம்மாவின் குரல் உள்ளேயிருந்து, "அல்லாவே, பாவம், எதுக்கு விரதம்?" என்றது. "மகளுக்குப் பேறுகாலம்னு வேண்டிக்கிட்டிருக்காங்களாம்" என்றார் தாஹிர் பாய், பூமிநாதன் சொல்லாததையும் எப்படியோ ஊகித்து. "நல்லபடியாப் பொறக்கும், நான் துவா செய்றேன்னு சொல்லுங்க" என்றது குரல். வந்தது ஒரு பீங்கான் கோப்பை நிறையத் தயிர்ச்சோறு, ஒரு அப்பளம், மாங்காய் ஊறுகாய். ஹிஷாம் கோப்பையை வாங்கிச் சஹன் தட்டிலேயே பூமிநாதன் பக்கத்து ஓரத்தில் சோற்றை ஒதுக்கிவிட்டு அதற்குள் வைத்தான். ஒரே தட்டுதான். பூமிநாதன் ஒரு வாய் போட்டார். புளிக்காத தயிர், உப்பு அளவாக இருந்தது. கறி வாசனை பக்கத்திலேயே இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு ஹிஷாம் தலையைத் தூக்காமல், "நாளைக்குத்தானே சார் மீட்டிங்கு?" என்றான்.

"ஒனக்கு யார் சொன்னா?"

"ஒங்க மொகந்தான். காலையிலருந்து என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

சொல்லக்கூடாது. யாரைப் பற்றிப் பேசப் போகிறோமோ அவரிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. பூமிநாதன் அப்பளத்தை நொறுக்கினார். "எடுக்கலாம்னு சொல்லப் போறேன்" என்றார்.

தாஹிர் பாய் கண்ணை மூடித் திறந்தார். ஹிஷாம் சந்தோஷப்படுவான் என்று பூமிநாதன் எதிர்பார்த்தார், அவன் சோற்றில் விரலால் ஒரு கோடு போட்டான், அதை அழித்தான். "அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும் சார்" என்றான். குரல் தாழ்ந்துவிட்டது. "அந்தாளு கொரலு இன்னும் காதுல கேக்குது. தெனமும் இல்ல. எப்பவாச்சும், தனியா இருக்கும்போது. அவன் சொன்னது பொய்யின்னு தெரியும், தெரிஞ்சும் கேக்குது. இத நீங்க சொல்லணும்னா நாளைக்குச் சொல்லிக்கங்க. சொல்லாம மலேசியா போனா ஒங்கள ஏமாத்திட்டுப் போன மாதிரி இருக்கும்."

மாமனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஆலிம்சா யாரையும் பார்க்காமல் தாளிச்சாவைப் பார்த்தார். பூமிநாதனின் வாயில் தயிர்ச்சோறு இருந்தது, விழுங்க மறந்துபோயிற்று. சொல்லாமல் இருந்திருக்கலாமே பயலே. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைக்குப் போயிருப்பாய். இதை அந்தச் சென்னை வகுப்புக்காரர் கேட்டால் வைக்கவும், கண்டிப்பாக வைக்கவும் என்பார். அவர் சொல்வது தப்பென்றும் சொல்ல முடியாது, பயம் இருக்கத்தான் செய்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் பூமிநாதன் சொன்னான் என்றுதான் இருக்கும், அந்தப் பெயர் போகாது. ஆனால் கேட்காததை எல்லாம் கேட்டுக் கேட்டு மூன்று வருடம் திருகினோம், கேட்காமலே தன் வாயால், அதுவும் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே, மாமன் காது கேட்கச் சொல்கிறான். இதற்கு மேல் ஒரு மனுஷனின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, செண்பகவல்லியின் உள்ளேயே இத்தனை வருடத்தில் எட்டிப் பார்க்க முடியவில்லை. விழுங்கினார்.

"கேட்டா எனக்குப் போன் பண்ணு" என்றார்.

"அங்கேருந்தா?"

"எங்கேருந்துன்னாலும்."

"நீங்க ரிட்டயர் ஆயிருவீங்களே சார்."

"ஆனா என்ன? காது இருக்கும்ல." பூமிநாதன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "நீ இப்பச் சொன்னதையும் நாளைக்குச் சொல்லுவேன், மறைக்க மாட்டேன். சொல்லிட்டு, எடுக்கலாம்னும் சொல்லுவேன். ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

ஹிஷாம் தலையாட்டினான். தட்டில் தன் பக்கம் மிச்சமிருந்த சோற்றைக் கூட்டிச் சேர்த்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான். தாஹிர் பாயும் முடித்துவிட்டார், ஆலிம்சா எப்போதோ முடித்துவிட்டார். தாம்பாளமும் செம்புமாக ஆள் வந்து பக்கத்தில் நின்றார். மூன்று பேரின் கையும் காய்ந்துகொண்டிருந்தது, யாரும் நீட்டவில்லை. ஒரு சஹனில் உட்கார்ந்தவர்கள் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். பூமிநாதன் கோப்பையைப் பார்த்தார், பாதிக்கு மேல் இருந்தது. அவசர அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டார்.

"மெதுவாச் சாப்பிடுங்க சார்" என்றான் ஹிஷாம். "நாங்க இருக்கோம்."

பூமிநாதன் மெதுவாகச் சாப்பிட்டார்.